சாக்லேட் வே புரோட்டீன் குடித்தால் வயிறு உப்புகிறது. நிறுத்திவிடலாமா?

ரப்பர்தோட்டம்:
குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். வயது 27, எடை 64 கிலோ. விடியற்காலை 3 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பால் எடுத்து ஷீட் அடித்து வீடு வர 11 ஆகிவிடும். சாயங்காலம் ஜிம். அங்கே சொன்னார்களே என்று சாக்லேட் சுவையில் ஒரு டப்பா வாங்கினேன். ஒரு வாரக் கூலி அதில் போயிற்று. பாலில் ஒரு ஸ்கூப் கலக்கிக் குடித்தால் அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடவென்று சத்தம். "தென்னை மூட்டில் கொட்டு மக்களே" என்கிறாள் அம்மா. எனக்குக் கொட்ட மனம் வரவில்லை.

தக்கலைக்காரன்:
ரப்பர் ஷீட்டுக்குப் பாலில் ஆசிட் விட்டு உறைய வைக்கும்போது தண்ணீர் தனியாகப் பிரியும் அல்லவா? மாட்டுப்பால் திரியும்போது அப்படிப் பிரிவதுதான் வே. அதை வடிகட்டி உலர்த்திய பொடியில் பால் சர்க்கரையான லாக்டோஸும் கொஞ்சம் இருக்கும், குறைவாக வடிகட்டிய கான்சன்ட்ரேட் வகையில் கூடுதலாக. அது செரிக்காத சிலருக்கு வயிறு உப்பும். நீங்கள் அதையும் பாலிலேயே கலக்குகிறீர்கள். நான்கு நாள் வெறும் தண்ணீரில் குடித்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

குளச்சல் அக்கா:
தம்பி, முதலில் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை? நல்ல கான்சன்ட்ரேட்டில் 100க்கு 70, 80 வரை இருக்கும். அப்புறம், சேர்மானத்தில் கிளைசின், டாரின் என்று அமினோ அமிலங்களைத் தனியாக எழுதியிருக்கிறதா? சாதாரணப் பரிசோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடும். மலிவான கிளைசினைக் கலந்தாலும் கணக்கு ஏறிவிடும், உடம்புக்கு அந்தப் பலன் கிடையாது. சாக்லேட் வாசனையில் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. என் தம்பியும் இப்படித்தான் ஏமாந்தான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. உங்களுக்கு 53 கிராம். ஜிம் போவதால் இன்னும் கொஞ்சம் வேண்டும். மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள்?

ரப்பர்தோட்டம்:
அக்கா, கிழங்கும் மீன் குழம்பும்தான். கிழங்கு தட்டு நிறைய, சாளை இரண்டு துண்டு.

குளச்சல் அக்கா:
அங்கேதான் குறை. மரச்சீனிக் கிழங்கு 100 கிராமில் புரதம் ஒன்றரை கிராமைத் தாண்டாது. சாளை 100 கிராமில் 20 கிராம் வரை உண்டு. முட்டை ஒன்றுக்கு 6. மழைக்காலத்தில் எங்கள் கரையில் சாளை மலிவாகக் கிடைக்கும்போது இரண்டு துண்டோடு நிறுத்தாதீர்கள். எட்டு மணி நேரம் மரம் மரமாக நடக்கிற உடம்பு அது.

ரப்பர்தோட்டம்:
நான்கு நாள் தண்ணீரில் குடித்தேன், உப்பல் பாதி குறைந்தது. டப்பாவையும் படித்தேன் அக்கா. ஸ்கூப் 35 கிராம், புரதம் 21, அதாவது 100க்கு 60தான். சேர்மானத்தில் மூன்றாவதாகவே கிளைசின். இந்த டப்பாவோடு சரி. இன்று அம்மாவிடம் சாளை ஒரு கிலோ வாங்கச் சொன்னேன். பால் எடுத்து வந்ததும் மூன்று முட்டை.