ஆன்லைனிலேயே போக்கர் ஆடிப் பழகியவன், முதல் தடவை போர்கட்டா மேஜையில் உட்காரப் போகிறேன்

எடிசன்_கார்த்தி:

வணக்கம். நியூ ஜெர்சியில் 2013-லிருந்து ஆன்லைன் போக்கர் சட்டப்படி நடப்பதால் வீட்டிலிருந்தே ஆடிப் பழகியவன் நான். 25 சென்ட் / 50 சென்ட் பிளைண்ட் (கட்டாயமாக வைக்கும் தொடக்கப் பந்தயம்) உள்ள நோ லிமிட் ஹோல்டம், அதாவது பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத போக்கர். ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு நாலு டேபிள் திறந்து வைத்துக்கொள்வேன். வரவு செலவு எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய தொகை இல்லை, ஆனால் மொத்தத்தில் லாபத்தில்தான் இருக்கிறேன்.

அடுத்த மாதம் அலுவலக நண்பர் ஒருவரோடு அட்லாண்டிக் சிட்டி போகிறேன். அவர் மதுரைக்காரர், அவருக்கும் போக்கரில் ஆர்வம் உண்டு. அங்கே போர்கட்டா கேசினோவில் 1/3 டாலர் பிளைண்ட் உள்ள டேபிளில் 300 டாலரோடு உட்கார வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

எந்தச் சீட்டை ஆடுவது, எதை விடுவது என்பதில் எனக்குப் பயமில்லை. திரையில் பாட் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்) எவ்வளவு என்று எழுதியிருக்கும், என் முறை வந்தால் பட்டன் ஒளிரும், எதிராளி எப்படிப்பட்டவர் என்று பெயருக்குக் கீழேயே எண்கள் தெரியும். இவை ஒன்றும் இல்லாமல் எட்டு பேர் என்னையே பார்க்க, சிப்பை எப்படி எடுத்து வைப்பது, என்ன சொல்வது என்று யோசித்தால்தான் படபடப்பாக இருக்கிறது. பெரிய தொகை போடும்போது கை நடுங்குமோ என்றும் கவலை. நேரில் ஆடிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள்_டீலர்:

தம்பி, நான் அட்லாண்டிக் சிட்டியில் பல வருஷம் போக்கர் டீலராக, அதாவது மேஜையில் சீட்டு பங்கிடுபவளாக, இருந்தவள். ஆன்லைனிலிருந்து நேராக வருகிறவர்களை உட்கார்ந்த சில நிமிஷத்திலேயே எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். ஆட்டம் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். பல நாள் அந்த மேஜையிலேயே நன்றாக ஆடுகிறவர் அவராகத்தான் இருப்பார். இதுவரை கணினி செய்து கொடுத்த வேலையைக் கையும் வாயும் செய்ய வேண்டி வரும்போதுதான் பணம் போகும். அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் சிப்பைத் தொடுங்கள். ஒருவர் 15 டாலர் போட்டிருக்கிறார், நீங்கள் அதை 50 ஆக உயர்த்த (ரெய்ஸ்) நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். பேசாமல் ஒரே ஒரு 100 டாலர் கறுப்புச் சிப்பை முன்னால் வைத்தால் அது வெறும் 'கால்'தான், அவர் போட்ட 15-க்கு ஈடாக வைத்ததாகவே கணக்கு. 85 டாலர் திரும்பி வரும். ஒற்றைச் சிப் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான் விதி. அதேபோல 15-ஐ வைத்துவிட்டு, மறுபடி கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் 35 எடுத்து வந்தால் அதை ஸ்டிரிங் பெட் என்பார்கள், அந்த 35 செல்லாது. "ரெய்ஸ், ஐம்பது" என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்களானால் எத்தனை தடவையாக எடுத்து வைத்தாலும் யாரும் கேட்க முடியாது. உங்கள் முறையில் நீங்கள் சொன்ன சொல் சிப்புக்குச் சமம். அதனால்தான் யோசிக்கும்போது வாய்விட்டு முணுமுணுக்கக் கூடாது.

உங்கள் சீட்டைக் காப்பது உங்கள் பொறுப்பு. இரண்டு சீட்டின் மேலும் ஒரு சிப்பை வைத்துவிடுங்கள். டீலருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டிய இருக்கைகளில் இது ரொம்ப முக்கியம். மற்றவர்கள் வீசும் சீட்டுகளை வாரும்போது காப்பில்லாத உங்கள் சீட்டையும் டீலர் சேர்த்து வாரிவிடலாம். ஒருமுறை கலந்த சீட்டு அனேகமாகத் திரும்பாது, ஏஸ் ஜோடியாக இருந்தாலும் சரி. வாய்ப்புக் கிடைத்தால் டீலருக்கு நேர் எதிரே உட்காருங்கள். மேஜை முழுவதும் தெரியும், எல்லோருக்கும் பொதுவான நடுச் சீட்டுகளும் நேராகத் தெரியும்.

கடைசியில் சீட்டைக் காட்டும்போது இரண்டையும் திறந்து மேஜையில் வையுங்கள். பணம் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை கையை அதன்மேலிருந்து எடுக்காதீர்கள். எதிராளி "ஃப்ளஷ்" என்று வாயால் சொன்னார் என்பதற்காக உங்கள் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திறந்து வைத்த சீட்டுக்குத்தான் மதிப்பு, சொன்ன பெயருக்கு இல்லை. ஜெயிக்க வேண்டிய சீட்டைக் கவிழ்த்து எறிந்தவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் டீலர் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

பாட் கணக்கும் அப்படித்தான். நோ லிமிட்டில் டீலர் தொகையை எண்ணிச் சொல்ல மாட்டார். கேட்டால் சிப்புகளைப் பரப்பிக் காட்டுவார், அவ்வளவுதான். வீட்டில் ஆடும்போதே திரையில் அந்த எண் இருக்கும் இடத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு மனதில் கூட்டிப் பழகுங்கள். ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று நடுச் சீட்டுகள்) முன் ஆளுக்கு 15, நாலு பேர், ஆக 60. அங்கிருந்து ஆரம்பித்தால் போதும்.

கை நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அனுபவசாலிகள் நடுக்கத்தைப் பொய்யாட்டத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை. பெரிய சீட்டு கிடைத்தவனுக்குத்தான் அதிகமாக நடுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஃபில்லி_முரளி:

அக்கா சொன்னதற்கு மேல் நடைமுறை பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கார்த்தி, நாலு டேபிளில் நீங்கள் மணிக்கு இருநூறு ஹேண்டுக்கு (சீட்டு பங்கிட்டு ஆடி முடிக்கும் ஒரு ஆட்டம்) மேல் பார்க்கிறீர்கள். நேரில் டீலர் கலைத்து, பங்கிட்டு, ஆட்கள் யோசித்து முடிக்க மணிக்கு 30 வந்தால் பெரிது. ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஹேண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஆறு மணி நேரம் உட்கார்ந்தும் ஒருமுறைகூட வராமல் எழுந்து வருவது சாதாரண விஷயம். கஷ்டமே இந்தச் சலிப்பில்தான் இருக்கிறது. ஆன்லைன்காரர்கள் இரண்டாவது மணி நேரத்தில் பொறுமை இழந்து, வீட்டில் தொடவே மாட்டாத K-8-ஐக் கையில் எடுப்பார்கள். அந்த ஓய்வு நேரத்தில் ஃபோனைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். நீங்கள் தேடும் எண்கள் அங்கேதான் இருக்கின்றன. யார் எதற்கும் கால் செய்கிறார், யார் ஒரு மணி நேரமாக ரெய்ஸே செய்யவில்லை என்பதை முதல் முக்கால் மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

அடுத்தது, நீங்கள் ஆன்லைனில் பிளைண்டைப்போல் இரண்டரை மடங்கு ரெய்ஸ் செய்தால் எல்லோரும் ஓடுவார்கள். 1/3-இல் 8 டாலர் போட்டால் ஐந்து பேர் கூடவே வருவார்கள். 15-இல் ஆரம்பியுங்கள். உங்களுக்கு முன் சும்மா 3 டாலர் வைத்து நுழைந்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு 3-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு எதிரே வெறுங்கையோடு பந்தயம் கட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள், அதில் ஒருவராவது விடமாட்டார். சாயங்காலம் முழுக்க அமைதியாக இருந்த பெரியவர் ரிவரில் (கடைசி நடுச் சீட்டு வந்த பிறகு) ரெய்ஸ் செய்தால், உங்களிடம் இரண்டு ஜோடி இருந்தாலும் சீட்டைக் கீழே வையுங்கள். 1/3-இல் அந்த ரெய்ஸ் பொய்யாக இருந்து நான் பார்த்தது மிகவும் அபூர்வம்.

பணம்: ஆன்லைனில் உங்கள் முழு ஸ்டாக் (மேஜையில் வைத்திருக்கும் தொகை) 50 டாலர். இங்கே 300. அறையைவிட்டுக் கிளம்பும்போதே 600-க்கு மேல் எடுக்காதீர்கள், டெபிட் கார்டையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். விடியற்காலையில் கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தூக்கக் கலக்கத்தோடு எடிசன் திரும்பவும் வேண்டாம்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் ஆன்லைனில் தகுதி பெற்று லாஸ் வேகஸில் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போனார். அவர் நேரில் ஆடிய முதல் போட்டியே அதுதான். 839 பேர் ஆடினார்கள். 25 லட்சம் டாலரை வென்றார். இறுதியில் இருவர் மட்டும் இருந்தபோது, ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு சாமி ஃபர்ஹாவுக்கு எதிரே ஆல்-இன் போட்டு (இருந்த சிப் அத்தனையும் வைத்து) அவரை ஃபோல்ட் செய்ய (சீட்டைப் போட்டுவிட) வைத்தார். ஜோடி வைத்திருந்தவர் ஃபர்ஹா. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், இன்றும் புல்லரிக்கும். ஆன்லைனில் கற்றது மேஜையில் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் யோசனை, முதலில் ஒரு சின்னப் போட்டியில் சேருங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஒரு டாலரும் போகாது.

எடிசன்_கார்த்தி:

அக்கா, முரளி, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. காகித யோசனையை நேற்றே செய்து பார்த்தேன். நாலு டேபிளில் முடியவே இல்லை, ஒரே டேபிளாகக் குறைத்த பிறகு கணக்கு நிற்கிறது.

இரண்டு கேள்வி பாக்கி. நண்பரும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் தமிழில் பேசிக்கொள்ளலாமா? அப்புறம் முரளி போட்டியில் சேரச் சொல்கிறார், அக்கா நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முன்னாள்_டீலர்:

ஹேண்ட் நடக்கும்போது தமிழ் வேண்டாம் தம்பி. அமெரிக்கப் போக்கர் அறைகளில் அந்த நேரத்தில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். நீங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால்கூட, சீட்டைச் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. நண்பர் சீட்டைப் போட்டுவிட்ட பிறகு உங்கள் சீட்டை எட்டிப் பார்த்து ஆலோசனை சொல்லவும் கூடாது, ஒரு ஹேண்டுக்கு ஒரு ஆள்தான். முடிந்தால் வேறு வேறு மேஜையில் உட்காருங்கள். சாப்பிடும்போது சேர்ந்து பேசிக்கொள்ளலாம்.

போட்டி விஷயத்தில் முரளியோடு எனக்கு உடன்பாடில்லை. போட்டியில் பிளைண்ட் ஏறிக்கொண்டே இருக்கும், தவறு செய்தால் ஒரு சுற்று வெளியே உட்கார வைக்கலாம், மேஜை மாற்றுவார்கள். பழகாத கைக்கு அது அவசரம். போட்டியாக இல்லாமல் நேராகப் பணத்துக்கு ஆடும் கேஷ் மேஜையில் 3 டாலர் பிளைண்ட் எப்போதும் 3 டாலர்தான். படபடப்பு வந்தால் இரண்டு சுற்று சீட்டு வாங்காமல் எழுந்து நடந்துவிட்டு வரலாம், உங்கள் சிப் அங்கேயே இருக்கும். சனி ராத்திரி போகாதீர்கள், வார நாள் பகலில் போங்கள். முன்மேசையில் பெயர் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை வெளியே நின்று ஒரு மேஜையை வேடிக்கை பாருங்கள்.

ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் சிப் கொடுப்பது வழக்கம். சின்னதாக ஜெயித்தால் கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் சம்பளத்தைவிட அந்த டாலர்களில்தான் டீலர் வீட்டு வாடகை போகிறது, அதை நான் சொல்லாமல் இருக்க முடியாது.

உட்கார்ந்தவுடன் டீலரிடம் முதல் தடவை என்று சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், அது எப்படியும் தெரியத்தான் போகிறது. சொல்லிவிட்டால், முறை வரும்போது டீலர் உங்கள் பக்கம் கையைக் காட்டுவார், எவ்வளவு கால் செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்வார். அரை மணிக்கு ஒருமுறை டீலர் மாறுவார், புதிதாக வருகிறவரிடமும் சொல்லுங்கள்.