காப்பிப் பழம் மிதக்கிறது, பார்ச்மென்ட் கீறுகிறது: கோளாறு பல்பரிலா, தோட்டத்திலா?

கேள்வி
கீழ்ப்பழனி, 3,600 அடி. எஸ்.795 என்ற அரபிகா ரகம், 15 வயதுச் செடி. போன வருடம் ஜனவரியில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களைத் தடிக்கு விற்றதில் மேற்குச் சரிவு பாதி வெட்டவெளி. இந்த மார்ச் கடைசியில் பூமழை (மொட்டை மலர வைக்கும் மழை) நன்றாகப் பெய்தது, பூ அள்ளிக் கொட்டியது. பிறகு மே பாதி வரை துளி இல்லை. இப்போது நவம்பர் முதல் பறிப்பில் வாளியில் 100 பழம் போட்டால் 22 மிதக்கிறது. பழத்தோல் உரிக்கும் பல்பரில் போட்டால் பார்ச்மென்ட் (கொட்டையை மூடிய உள்தோடு) கீறுகிறது. வறுத்துக் குடித்தால் நீர்த்த ருசி, வைக்கோல் வாசம், துவர்ப்பு. எங்கே பார்ப்பது?

பதில் 1
பல்பரைத் தொடாதீர்கள். மிதந்த 22 பழத்தையும் பிளேடால் குறுக்கே அறுங்கள். ஓர் அறை காலி, மற்றது நிறைவு என்றால் சூல் பிடிக்கவில்லை. தொப்புள் பக்கம் குண்டூசித் துளையும் உள்ளே தூளும் இருந்தால் காய்த்துளைப்பான் வண்டு. கொட்டை சுருங்கிக் கறுத்து இருந்தால் செடி பட்டினி. அப்படியே சிவந்த பழம் ஒன்றை விரலால் பிதுக்கிப் பாருங்கள், கொட்டை வழுக்கி வருகிறதா?

கேட்டவர்
சுருங்கியது 17, துளை 3, ஒற்றை அறை 2. வெயில் பக்கத்துப் பழம் பிதுங்கவே இல்லை. தோல் கொட்டையோடு ஒட்டியிருக்கிறது, பசை இல்லை. கிளை நுனியில் இலையும் இல்லை.

பதில் 2
விடை அதில்தான் இருக்கிறது, அண்ணே. நிழல் போனதும் செடி தாங்கும் அளவுக்கு மேல் மொட்டு வைத்துவிட்டது. பூவிலிருந்து பழம் வரை 8, 9 மாதம். பூவுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துக் காய் வேகமாகப் பருக்கும். கொட்டையின் அளவு அப்போதே முடிவாகிவிடும். வறட்சியில் இளைத்த செடி அந்தக் கட்டத்துக்குள் நுழைந்தது. அடுத்து கொட்டை கெட்டிப்படும் மாதங்களில் சாப்பாடு போட இலை இல்லை. காய் கிளையையே உறிஞ்சியதால் நுனி காய்ந்தது. சூட்டில் தோல் மட்டும் முந்திச் சிவந்தது. அது பழுத்த பழமல்ல, வெந்த பழம். பசை இல்லாததால்தான் பல்பர் கீறுகிறது.

யூரியாவைக் கொட்ட வேண்டாம். அறுவடை முடிந்ததும் காய்ந்த நுனியைக் கவாத்து செய்யுங்கள். மழை பிடித்ததும் ஆள் உயரக் கல்யாண முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நிழலுக்கு நடுங்கள். அது எழும்பும் வரை மேற்கு ஓரத்தில் மலைவாழை. தண்ணீர் இருந்தால் பூ முடிந்து 3 வாரத்தில் ஒரு அங்குலம் தெளிப்பு.

பதில் 3
வெட்டவெளியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு தேடி வரும். தண்டில் வளையமாகப் புடைப்பு இருக்கிறதா பாருங்கள். 200 லிட்டருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கலந்து தண்டில் அடிக்கலாம்.

ஆனால் துவர்ப்பை முழுக்க நிழல் மேல் போட மாட்டேன். பாதி பழுத்ததையும் சேர்த்துப் பறித்திருப்பீர்கள். மூழ்கிய முழுப்பழம், மூழ்கிய அரைப்பழம், மிதவை என மூன்றாகப் பிரித்துக் காயவைத்து, ஒரே வறுப்பு, ஒரே அரைப்பில் 12 கிராமுக்கு 200 மில்லி கொதிநீர் ஊற்றி 4 நிமிடம் விட்டுக் குடியுங்கள். சிக்கரி, பால் கூடாது. அவை எல்லாக் குற்றத்தையும் மூடிவிடும்.

கேட்டவர்
மிதவையை என்ன செய்ய?

பதில் 2
பல்பருக்கு முன்பே தொட்டியில் வழித்தெடுத்து, தோலோடு செர்ரியாகக் காயவைத்துத் தனிச் சாக்கில் விற்றுவிடுங்கள். மேற்குச் சரிவுப் பழத்தையும் இந்த வருடம் தனியாகவே பல்பரில் போடவும். 10, 12 நாளுக்கு ஒரு சுற்றுப் பறிப்பு, சிவப்பு மட்டும்.