ஸ்டார்ட்அப் தொடங்க நினைப்பவர் யாருடைய கதையைக் கேட்பது?

நாற்பதுக்கு_முன்

வணக்கம். எனக்கு 39 வயது, கணக்கு மென்பொருள் பிரிவில் பதினான்கு வருட வேலை. சொந்தமாக ஒரு ஸ்டார்ட்அப் தொடங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாளாக வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு வர வேண்டிய பணம் இழுத்துக்கொண்டே போகிறது இல்லையா, அதை நேரம் பார்த்து நினைவூட்டி வசூலித்துத் தரும் ஒரு ஆப், அதுதான் யோசனை. தினமும் அலுவலகம் போகும்போது யாராவது ஒரு நிறுவனரின் பேட்டியைக் கேட்கிறேன். பிடித்ததை எழுதிவைக்கும் நோட்டு இப்போது மூன்றாவது. கேட்டு முடித்ததும் இன்றைக்கே ராஜினாமா எழுதிவிடலாம் போலிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். யாருடைய கதையைப் படிக்கலாம், யாரிடம் ஆலோசனை கேட்கலாம், இந்த வயதில் இறங்கலாமா, சொல்லுங்கள்.

மூடிய_கடை

மூன்று நோட்டையும் பழைய பேப்பருக்குப் போடுங்கள்.

இரவு_விளக்கு

ஆரம்பித்துவிட்டார் அண்ணன். ஒருவர் ஆசையோடு கேட்கிறார், முதல் பதிலே தண்ணீர் ஊற்றுவதாகத்தான் இருக்க வேண்டுமா?

மூடிய_கடை

எரிச்சலில் சொல்லவில்லை தம்பி. நானும் நோட்டுப் போட்டவன்தான். நானும் ஒரு நண்பனும் பிசியோதெரபி கிளினிக்குகளுக்கு முன்பதிவு ஆப் செய்தோம். தொடங்கும் முன் முப்பது கிளினிக் உரிமையாளர்களைப் பார்த்தோம், ஒருவர் பாக்கியில்லாமல் அருமையான யோசனை, செய்யுங்கள் என்றார்கள். ஒன்பது மாதம் உட்கார்ந்து கட்டினோம். பதினோரு கிளினிக் இலவசமாக எடுத்துக்கொண்டது, காசு என்றதும் இரண்டுதான் மிச்சம், அந்த இரண்டிலும் யாரும் ஆப்பைத் திறப்பதே இல்லை.

ஏன் என்று பார்க்க ஒருநாள் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்த அம்மா நீளமான ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார், நோட்டின் முதுகில் நூல் கட்டி அதில் ரப்பர் தொங்கியது. போன் வரும், பத்து மணிக்கு வர முடியாது, பதினொன்றரைக்கு வரட்டுமா என்பார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அழிப்பார், ஒரு அம்புக்குறி போடுவார், இன்னொருவரைக் கீழே நகர்த்துவார், முடிந்தது. பத்து நொடிகூட ஆகாது. எங்கள் ஆப்பில் அதே வேலைக்கு நாலு திரை, கடைசியில் ‘உறுதியாக மாற்றவா?’ என்று ஒரு கேள்வி வேறு. நாங்கள் முன்னால் பார்த்த முப்பது பேரில் ஒருவர்கூட அந்த நோட்டைக் கையால் தொட்டவர் இல்லை, எல்லாரும் முதலாளிகள்.

ஊக்கத்துக்கு எங்களிடம் ஒரு குறையும் இருக்கவில்லை. ஸ்டூலில் போய் உட்காரத்தான் ஒரு வருடம் தாமதமாகிவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்பதை என் பெயரே சொல்லும்.

இரவு_விளக்கு

சங்கடமான கதைதான், ஆனால் அதில் ஊக்கத்தின் தப்பு எங்கே இருக்கிறது? தப்பான ஆளிடம் தப்பான கேள்வி கேட்டீர்கள், அவ்வளவுதான்.

நான் சொந்தத் தொழிலை மூன்றாவது வருடம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் தொடர்ந்து நான்கு மாதம் புது வாடிக்கையாளர் ஒருவர்கூட வரவில்லை, வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. அந்த நேரத்தில், வீடுகளைத் தங்க வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் ஆட்கள் 2008 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஒபாமா பெயரிலும் மெக்கெய்ன் பெயரிலும் காலை உணவுப் பெட்டி தயாரித்து, ஒரு பெட்டி 40 டாலர் என்று விற்றுக் காசு புரட்டிய கதையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜேம்ஸ் டைசன் 5,127 முன்மாதிரி செய்த பிறகுதான் அந்தத் தூசி உறிஞ்சியைச் சரியாகக் கொண்டுவந்தார் என்பதும் அப்படித்தான். இதெல்லாம் வழி சொல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு நாள் தாக்குப்பிடிக்க வைக்கும். அந்த ஒரு நாள் இல்லையென்றால் உங்கள் ஸ்டூலுக்கும் வேலையில்லை அண்ணா.

மூடிய_கடை

அதே ஏர்பிஎன்பி கதையில் அடுத்த பக்கத்தையும் படியுங்கள். 2009-இல் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்டார்ட்அப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தபோது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், உங்கள் பயனர்கள் நியூயார்க்கில் இருக்கும்போது நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்கிற தோரணையில் விரட்டிவிட்டார். போனார்கள், வீடு வாடகைக்கு விடுகிறவர்களின் கதவைத் தட்டினார்கள், மங்கலாக இருந்த வீட்டுப் படங்களைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள், அதன் பிறகுதான் வருமானம் அசைந்தது. பெட்டி விற்றதை ஊரெல்லாம் சொல்கிறார்கள், கேமராவோடு அலைந்ததைப் பாதிப் பேர்கூடச் சொல்வதில்லை. உங்களுக்குப் பிடித்தது பெட்டி, ஏனென்றால் அதில் வீரம் இருக்கிறது.

டைசனையும் விடுங்கள். ஐயாயிரம் முன்மாதிரி செய்தும் ஒன்றும் தேறாமல் கடனோடு நின்றவர் இருப்பார், அவரை யார் பேட்டி எடுத்தார்கள்?

கணக்குப்பிள்ளை

அடுத்து யாராவது இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த விமானங்களின் குண்டு ஓட்டையை எண்ணிய கதையோடு வருவதற்குள் நான் உள்ளே வந்துவிடுகிறேன். (தப்பித்து வந்தவற்றை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும் என்பதற்கு அந்த ஒரே கதையைத்தான் பத்து வருடமாகச் சொல்கிறார்கள்.)

முதலில் வயது. அமெரிக்காவில் 27 லட்சம் நிறுவனர்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள், மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே 39 என்று பயப்பட ஒன்றுமில்லை, பதினான்கு வருடம் கணக்கு மென்பொருளில் இருந்திருக்கிறீர்கள், அது மூன்று நோட்டைவிடக் கனமானது.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவர்களைப் பிரிவு பிரிவாகப் போடுவார்கள். எந்தப் பிரிவில் ஏற்கெனவே தொழில் தொடங்கிப் பார்த்தவர்கள் அதிகம் இருந்தார்களோ அந்தப் பிரிவிலிருந்து அதிகம் பேர் தொழில் தொடங்கியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? லெர்னர், மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பார்த்தபோது தலைகீழாக இருந்தது, அங்கே தொடங்கியவர்கள் குறைவு. ஆனால் குறைந்தது பெரும்பாலும் தேறாமல் போகக்கூடிய தொழில்கள்தான். நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அனுபவஸ்தன் ‘இது ஓடாது, ஏனென்றால்’ என்று சொல்லியிருப்பான் என்பது அவர்களின் விளக்கம். மேடையில் பேசுகிற நிறுவனர் கிளப்பிவிடுகிறார், பக்கத்து நாற்காலி நிறுவனர் வடிகட்டுகிறார்.

இரவு_விளக்கு

சார், அது ஹார்வர்டு. தொழில் தொடங்காவிட்டால் நல்ல சம்பளத்தில் வேலை கையில் காத்திருக்கும் ஆட்கள். பக்கத்தில் ஒரு நிறுவனரையே கண்ணால் பார்த்திராத ஒருவனுக்கு வடிகட்ட என்ன இருக்கிறது, பாத்திரமே காலி. அவனுக்கு முதலில் ‘நம்மைப் போன்றவனும் செய்யலாம்’ என்று தெரிய வேண்டும், அதைப் பேட்டியோ புத்தகமோதான் கொடுக்கும்.

கணக்குப்பிள்ளை

அது நியாயமான எதிர்வாதம். பதில் சொல்ல என்னிடம் எண் இல்லை.

வானம்பாடி

நிறுவனர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அவர்களிடம் வேலை பார்த்தவள் ஒருத்தி சொல்லட்டுமா? இரண்டு ஸ்டார்ட்அப்பில் முதல் பத்து பேரில் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். ஊக்கத்தைவிட எனக்குப் பயம் ஆலோசனையைக் கண்டால்தான்.

எங்கள் நிறுவனர் ஒரு வாரத்தில் மூன்று மென்டர்களை, அதாவது வழிகாட்டிகளைப் பார்த்தார். திங்கட்கிழமை பார்த்தவர் விலையை இரண்டு மடங்காக்கு என்றார், புதன்கிழமை பார்த்தவர் ஒரு வருடம் இலவசமாகக் கொடு என்றார், வெள்ளிக்கிழமை பார்த்தவர் பொருளையே மாற்று என்றார். மூன்று முறை விலைப் பக்கத்தை மாற்றி எழுதியது நான்தான். அப்புறம் மெதுவாகப் புரிந்தது, மூன்று பேருமே தங்கள் நிறுவனத்தில் தங்களுக்குப் பலித்ததை எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் ‘நான் என்ன செய்யட்டும்’ என்று யாரிடமும் கேட்காதீர்கள், ‘நீங்கள் அன்றைக்கு என்ன செய்தீர்கள், அப்போது கையில் எவ்வளவு காசு இருந்தது, எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்’ என்று கேளுங்கள். தீர்ப்பை வாங்காதீர்கள், சம்பவத்தை வாங்குங்கள்.

ஊக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. தெரனோஸ் என்ற இரத்தப் பரிசோதனை நிறுவனத்தைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸ், ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மாதிரியே கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார், 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. கதையிலிருந்து எடுக்க எவ்வளவோ இருக்க, எடுத்தது சட்டையை.

மூடிய_கடை

தோழி சொன்னது நூற்றுக்கு நூறு. இனி இந்தத் திரியில் எனக்கு வேலையில்லை.

கணக்குப்பிள்ளை

கொஞ்சம் பொறுங்கள், ஆலோசனை எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் 100 தொழில்நுட்ப ஸ்டார்ட்அப் நிறுவனர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2019-இல் வெளியானது. ஒருவருக்கொருவர் ஜோடி சேர்த்து, ஆட்களை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி மட்டும் பேசவைத்தார்கள். ஒழுங்காகக் கூட்டம் போட்டு, இலக்கு வைத்து, வேலையைப் பற்றி அவ்வப்போது கருத்துச் சொல்கிற நிறுவனரோடு பேசியவர்களின் நிறுவனம், அப்படி எதுவும் செய்யாதவரோடு பேசியவர்களின் நிறுவனத்தைவிட இரண்டு வருடத்தில் 28 சதவீதம் பெரிதாக இருந்தது. மூடும் வாய்ப்பும் பத்து சதவீதப் புள்ளி குறைவு. ஏற்கெனவே எம்பிஏ படித்தவர்களுக்கு இதில் ஒன்றும் வித்தியாசம் இல்லை என்பது தனி வேடிக்கை. பேசியவர்கள் யாரும் பிரபலங்கள் இல்லை, பேசிய விஷயமும் ஒன்றே ஒன்று. இது வானம்பாடி பார்த்த மென்டர் கூத்திலிருந்து வேறான சமாச்சாரம்.

வானம்பாடி

ஆமாம், ‘திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்ன கேட்பீர்கள்’ என்று கேட்டால் சக நிறுவனர் சரியாகச் சொல்வார். ‘என் நிறுவனத்தின் எதிர்காலம் என்ன’ என்று கேட்டால் ஜோசியம்தான் வரும்.

நாற்பதுக்கு_முன்

இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. வேலையை விடும் கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லையே.

மூடிய_கடை

விடாதீர்கள்.

இரவு_விளக்கு

இதில் நான் எதிர்க்கட்சி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் இரண்டும் போகும். மாலை ஏழு மணிக்குக் களைத்து வந்து உட்காருகிறவனுக்கு வாடிக்கையாளர் காலை பதினோரு மணிக்குப் போன் செய்தால் எடுக்க முடியுமா? நான் விட்ட பிறகுதான் என் தொழில் தொழிலாயிற்று.

கணக்குப்பிள்ளை

பில் நைட் 1964-இல் காலணி விற்கத் தொடங்கி, கணக்காளராகவும் ஆசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் ஓட்டினார், 1969-இல்தான் முழு நேரமாக இறங்கினார், அதுதான் பிற்பாடு நைக்கி. ஒருவர் கதைதானே என்பீர்கள். 2014-இல் வந்த ஓர் ஆய்வில், வேலையோடு சேர்த்துத் தொடங்கிப் பிறகு முழு நேரத்துக்கு மாறியவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட மூடிவிட்டுப் போகும் அபாயத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தார்கள். ஓடுமா ஓடாதா என்று சம்பளத்தில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் சூட்சுமம்.

இரவு_விளக்கு

ஓடாது என்று தெரிந்து நிறுத்தியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் இல்லையா? தேறியவர்கள்தானே முழு நேரத்துக்கு வந்திருப்பார்கள். தப்பித்து வந்ததை மட்டும் எண்ணாதே என்று நீங்கள்தானே ஆரம்பத்தில் சொன்னீர்கள் சார்.

கணக்குப்பிள்ளை

பிடித்துவிட்டீர்கள். ஆனால் அவர்கள் நிறுத்தியபோது சம்பளம் வந்துகொண்டிருந்தது, அதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நாற்பதுக்கு_முன் (ஆறு நாள் கழித்து)

திரும்ப வந்திருக்கிறேன். ராஜினாமா எழுதவில்லை, நோட்டையும் தூக்கிப் போடவில்லை, அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். ஸ்டூல் கதை உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் சனிக்கிழமை, எனக்குத் தெரிந்த ஒரு டிசைனரிடம், உங்களுக்குப் பணம் கடைசியாக எப்போது தாமதமானது, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஆப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். பணம் தர வேண்டியவருக்கு எழுதிய செய்தி, அனுப்பவில்லை. நோட்ஸில் ஐந்து வரைவு, ஐந்தும் ஒரே ஆளுக்கு, ஏழு வாரத்தில் எழுதியவை. தேதி மறக்கவே இல்லை அவருக்கு. ‘கேட்டால் அடுத்த வேலை தரமாட்டாரோ என்று தோன்றும், அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்’ என்றார். நான் இரண்டு வருடமாக யோசித்து வைத்திருந்தது முழுக்க நினைவூட்டுவதற்கான ஆப்.

இரவு_விளக்கு

அடடா. சரி, அப்போது யோசனையை விட்டுவிடுவீர்களா? இங்கேதான் ஊக்கம் வேண்டும் என்று நான் சொன்னது.

மூடிய_கடை

ஒருவரை வைத்து விடவும் வேண்டாம், பிடித்துக்கொள்ளவும் வேண்டாம், இன்னும் பத்து பேரைப் பாருங்கள். அந்த ஐந்து வரைவிலும் என்ன எழுதியிருந்தார்? முதலுக்கும் ஐந்தாவதுக்கும் என்ன மாறியிருந்தது?

நாற்பதுக்கு_முன்

படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.