கலைச்சொல் விவாதம்: மரைப்பசையா, மரைப்பூட்டியா?

முன்மொழிவு

வணக்கம். கைத்துப்பாக்கிப் பராமரிப்புக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் ‘திரெட்லாக்கர்’ என்பது ‘நூல் பூட்டு’ ஆகியிருக்கிறது. ‘திரெட்’ என்றால் நூல் மட்டுமல்ல, திருகில் சுற்றிவரும் வரிப்பள்ளமான மரையும்தான். இங்கே நூலுக்கு வேலையே இல்லை. பட்டறையில் மரை வெட்டுவது, மரை தேய்வது என்றுதான் பேசுகிறோம். சுடும் அதிர்வில் குறிமுள்ளின் (குறிபார்க்கத் துப்பாக்கியின் மேலுள்ள சிறு முனை) திருகு தளராதிருக்க மரையில் இடும் திரவம் இது. ‘மரைப்பசை’ எனலாமா?

மறுமொழி 1

மரை சரி, பசை வேண்டாம். பசை என்றால் தாராளமாகத் தடவிக் காயவிடுவார்கள். இது காற்றில் காயாது. ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். மரைகளுக்கு இடையில் காற்று அற்று, இரும்பு அல்லது செம்பு அயனி பட்டால்தான் கெட்டிப்படும். புட்டியை முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்பதும் இதனால்தான். வெர்னான் கிரீபிள் 1953இல் உருவாக்கியபோதே இதன் அடிப்படைக் குணம் இதுதான்.

அதிகம் ஊற்றினால் பிடிப்பு கூடாது, வழியத்தான் செய்யும். செவ்வொளிக் குறிநோக்கியின் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் மின்கருவி) திருகுத் துளைகள் சில ஸ்லைடின் (சுடும்போது முன்பின் நகரும் மேற்பகுதி) உள்ளே திறந்திருக்கும். க்ளாக் கைத்துப்பாக்கியில் குறிநோக்கி பொருத்த வசதியுள்ள எம்ஓஎஸ் வகையில் வலப்பக்கத் துளைக்குக் கீழேயே எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட தோட்டாவின் வெற்றுறையை இழுத்தெடுக்கும் கொக்கி) அழுத்தும் தண்டு இருக்கிறது. வழிந்தது அங்கே இறங்கிக் கெட்டிப்பட்டால் தண்டு சிக்கும், வெற்றுறை வெளியேறாது. செய்யும் வேலையைச் சொல்லும் ‘மரைப்பூட்டி’யே என் தேர்வு.

மறுமொழி 2

மரைப்பூட்டிக்கு என் ஆதரவு. ஆனால் கையேட்டில் அதே ‘நூல் பூட்டு’ என்ற சொல்லைப் புறாவால் காடிக்கும் (புறாவின் வால்போல் அடி விரிந்த பள்ளம்) போட்டிருக்கிறார்கள். பின்குறிமுள் பெரும்பாலும் அந்தக் காடியில் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. அங்கே மரையே கிடையாது. காடி சற்றுத் தளர்வாக இருந்தால் இடுவது வேறு சரக்கு. உருளைப் பொருத்தங்களுக்கென்று வந்தது. அதற்கு ‘இடுக்குப்பூட்டி’ என்று தனிச்சொல் வேண்டும். குறிமுள் விரலால் நகரும் அளவுக்குக் காடி தேய்ந்திருந்தால் எந்தப் பூட்டியும் தாங்காது; பொருந்தும் அளவில் வேறு குறிமுள் போடுவதே வழி. காடிக்கு இடுவதானால் முதலில் சுட்டுப் பார்த்து, இடவலம் சரிசெய்து, குறிமுள் நிற்கும் இடத்தைக் காட்டும் நிலைக்கோடு கிழித்த பிறகே இடவேண்டும்.

கையேட்டின் செய்முறைப் பத்தியையும் திருத்த வேண்டும். என் வரைவு:

“மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, ஸ்லைடைப் பிரிக்கவும். திருகு, துளை இரண்டிலும் எண்ணெய் போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடவும். அசிட்டோன் குறிமுள்ளில் ஒளிரும் ஒளியிழைத் துண்டைக் கெடுக்கும். அதன் அருகே கொண்டுபோக வேண்டாம். ஊடுதுளையானால் திருகின் நுனியில் இரண்டு மூன்று மரைக்கு மட்டும் ஒரு சிறு துளி போதும். அடிமூடிய துளையானால் துளையின் அடியில் இடவும். திருகில் தடவினால் உள்ளே அடைபட்ட காற்று மேலே வரும்போது அதைத் தள்ளிவிடும். தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசையில் இறுக்கி, வழிந்ததைத் துடைக்கவும். எஃகில் 10 முதல் 20 நிமிடத்தில் பிடிக்கும். முழு வலு வர 24 மணி நேரம். இடையில் திருகைத் தொடக்கூடாது. பாதி கெட்டிப்பட்டதை அசைத்தால் உடையும்; உடைந்தது மறுபடி ஒட்டாது, துடைத்துப் புதிதாக இடவேண்டும்.”

ஈரமான பூட்டி மரையை வழுக்கச் செய்வதால், அதே விசையில் திருகு கூடுதலாக இறுகும் என்பதையும் சேர்க்க வேண்டும். சிறு திருகுகள் அறுந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். க்ளாக்கின் முன்குறிமுள்ளை ஸ்லைடின் அடியிலிருந்து பிடிக்கும் திருகுக்கு 3/16 அங்குல அறுகோணத் தலை. அதில் நீண்ட பிடியுள்ள கருவியை மாட்டி முறுக்குவது ஆபத்து. அந்தக் குறிமுள் ஞெகிழியானால் பூட்டியே வேண்டாம். ஞெகிழியில் அது சரியாகக் கெட்டிப்படாது, சில வகைகளில் விரிசலும் விடும். துருவேறா எஃகில் கெட்டிப்படத் தாமதமாகும். முடுக்கித் திரவம் முதலில் பூசினால் வேகம் கூடும். (ஆங்கிலத்தில் இதைச் சொல்வதுபோல் ‘பிரைமர்’ என்று எழுதாதீர்கள். துப்பாக்கிக் கையேட்டில் அது தோட்டாவின் பற்றவைப்பியைக் குறிக்கும்.)

மறுமொழி 3

வகைகளுக்கு ‘நீலப்பூட்டி’, ‘சிவப்புப்பூட்டி’ என்று போடலாமா? கடையில் அப்படித்தானே கேட்கிறார்கள்?

மறுமொழி 4

கூடாது. லாக்டைட் என்ற வணிகப்பெயரில் வரும் 290, 609 எண் வகைகள் இரண்டும் பச்சை. முன்னது இறுக்கி முடித்த திருகிலும் ஊறி இறங்கும் மரைப்பூட்டி, பின்னது இடுக்குப்பூட்டி. நிறத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு வலுவைப் பெயராக்குவோம்: மென்பூட்டி (222, ஊதா), இடைப்பூட்டி (243, நீலம்), வன்பூட்டி (271, சிவப்பு). குறிமுள் திருகுக்கு முதல் இரண்டே போதும், கைக்கருவியால் கழன்றுவிடும். வன்பூட்டியைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். இருளில் ஒளிரும் குறிமுள்ளின் டிரிட்டியக் குப்பியோ செவ்வொளிக் குறிநோக்கியின் மின்சுற்றோ அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே வன்பூட்டி என்ற பதிவின் கீழ் ‘குறிமுள்ளுக்கு ஆகாது’ என்றே எழுதிவிடலாம்.

முன்மொழிந்தவர்

மரைப்பூட்டி, இடுக்குப்பூட்டி, முடுக்கி மூன்றையும் ஏற்கிறேன். 290க்கு ‘ஊறுபூட்டி’ என்று குறித்துக்கொள்கிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள். கையேட்டில் ‘உலர்ந்ததும்’ என்று பூட்டிக்கு வரும் இடங்களையெல்லாம் ‘கெட்டிப்பட்டதும்’ என்று மாற்றுகிறேன். ஆல்கஹால் துடைத்த இடத்தில் மட்டும் ‘உலரவிடவும்’ இருக்கும்.