நீரேற்று நிலையத் திரையில் குவியும் அலாரங்கள்: எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

கப்பலூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு அருகே ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரேற்று நிலையத்துக்கு ஸ்காடா திரையை (பம்புகளையும் தொட்டிகளையும் தொலைவிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினித் திரையை) வடிவமைத்துக் கொடுத்தவன் நான். 4 பம்புகளையும் 11 மேல்நிலைத் தொட்டிகளையும் இரவில் ஒரே ஆபரேட்டர்தான் பார்த்துக்கொள்கிறார். மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் 60க்கு மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுவதால், அவர் எதையும் படிக்காமல், 'பார்த்துவிட்டேன்' எனக் குறிக்கும் ஏற்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார். சென்ற மாதம் அவ்வாறு அழுத்தியவற்றுள் ஒரு தொட்டி வற்றிப்போகும் எச்சரிக்கையும் இருந்தது; மறுநாள் காலையில் இரண்டு தெருக்களுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம் என எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. திரையில் எதை முதலில் மாற்ற வேண்டும்?

வைகைக்கரை:
எழுதித் தராதீர்கள், ஐயா. வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் 1994இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரங்கள் வந்தன. அந்த வேகத்தில் எவராலும் படித்து முடிவெடுக்க இயலாது.

நம் வைகை அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 71 அடி வரை நீர் தேக்கும் அணையில் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்படுகின்றன. 40 அடியிலிருந்தே அடிக்கொரு முறை சங்கு ஊதியிருந்தால், 69 அடியில் ஊதும்போது கரையில் துணி துவைப்பவர்கள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஆகவே உங்கள் 60 அலாரங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆபரேட்டர் உடனே செய்ய வேண்டிய வேலை என்ன என்று குறியுங்கள். குறிக்க எதுவும் இல்லாதவை நிகழ்வுப் பதிவேட்டுக்குப் போகட்டும். மின்தடையின்போது பம்ப் நின்றது, அழுத்தம் குறைந்தது, ஓட்டம் நின்றது ஆகிய அனைத்தும் ஒரே காரணத்தின் விளைவுகள் என்பதால், மின்தடை என்ற ஒரே அலாரத்தின்கீழ் அவற்றை அடக்கிவிடலாம். தொட்டி நீர்மட்ட அலாரத்தை மட்டும் எந்த நிலையிலும் அடக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற மின்பணியாளர்:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் பழகிய பேனல்களில் (மோட்டாரை இயக்கும் சுவிட்சுப் பலகைகளில்) சிவப்பு விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது, பச்சை எரிந்தால் நிற்கிறது என்று பொருள். கணினித் திரை வரைபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக வைக்கிறார்கள். இரண்டும் ஒரே அறையில் இருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எதை நம்புவார்? இயல்பாக ஓடும் பம்பைச் சாம்பல் நிறத்தில் விட்டு, பக்கத்தில் 'ஓடுகிறது' என்று எழுதிவிடுங்கள். பளிச்சென்ற நிறம் கோளாறுக்கு மட்டும் இருக்கட்டும்.

தொட்டி மட்டத்தை வெறும் எண்ணாகக் காட்டுவதும் போதாது. 2.1 மீட்டர் என்பதைவிட, கடந்த 6 மணி நேரத்தில் அது ஏறியதா இறங்கியதா என்று காட்டும் கோடுதான் இரவுப் பணியில் இருப்பவருக்கு உதவும்.

கப்பலூர்வாசி:
இருவருக்கும் நன்றி. பேனலில் சிவப்பும் என் திரையில் பச்சையும் இருப்பதை இன்றுதான் உணர்கிறேன். மற்றொரு ஐயம்: என் திரையில் வால்வு 'மூடியது' என்று காட்டுவது, மூடச் சொல்லி பி.எல்.சி. (பம்புகளையும் வால்வுகளையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) அனுப்பிய கட்டளையை வைத்துத்தான். அது போதுமா?

வைகைக்கரை:
போதாது. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்தது இதுவே. வால்வை மூடும் கட்டளை போனதும் விளக்கு அணைந்தது. வால்வோ திறந்தபடியே சிக்கிக்கொண்டது. விளக்கை நம்பியவர்களுக்கு அது தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வால்வுத் தண்டில், வால்வு உண்மையில் மூடியதா என்பதை உணரும் லிமிட் ஸ்விட்ச் பொருத்தி, அது தரும் நிலையைக் காட்டுங்கள். அதற்குப் பணம் கிடைக்கும்வரை, அந்தச் சொல்லை 'மூடக் கட்டளை அனுப்பப்பட்டது' என்று மாற்றி, அதன் கீழேயே, குழாயில் ஓடும் நீரை அளக்கும் ஓட்டமானியின் அளவையும் காட்டுங்கள்.