உடம்பு அசைஞ்சப்போ மனசுக்கு என்ன ஆச்சு? அனுபவம் சொல்லுங்க

சித்திரை வீதி:
இது அறிவுரைத் திரி இல்லை. "தினமும் நட, தண்ணி குடி, நல்லதையே நினை" எல்லாம் வாட்ஸ்அப்ல வேண்டிய மட்டும் வந்தாச்சு. நடந்தப்போ, ஓடினப்போ, விளையாடினப்போ உங்க மனசுக்குள்ள நிஜமா என்ன நடந்ததுன்னு மட்டும் எழுதுங்க. ஒண்ணுமே நடக்கலைன்னாலும் எழுதுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். ஊர் ஸ்ரீரங்கம். வங்கி வேலையில இருந்து ஓய்வு பெற்ற நாலாவது மாசம் என் அண்ணா தவறிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பின பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை. பேப்பர் மடிச்சபடியே கிடக்கும். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். மனசு கொஞ்சம் சரியாகட்டும், அப்புறம் நடக்கலாம்னு நினைச்சுக்கிட்டே ரெண்டு மாசம் போச்சு.

பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேல இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலை அஞ்சரைக்கு வாசல்ல நின்னு "கிளம்பலாமா சார்?"னு கேட்டார். முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. செருப்பை மாட்டிட்டுப் போனேன். சித்திரை வீதி நாலையும் ஒரு சுத்து. வழியில அவர் ஒரு வார்த்தை பேசலை, அண்ணாவைப் பத்திக் கேட்கவும் இல்லை. மறுநாளும் அதே அஞ்சரை, அதே "கிளம்பலாமா சார்?"

முதல் மூணு வாரம் எந்த மாற்றமும் தெரியலை. வேர்த்துக் கொட்டிச்சு, முட்டி வலிச்சது, அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் கீழச் சித்திரை வீதி திரும்புறப்போ யாரோ காப்பி வறுக்கிற வாசனை வந்தது. "பீபரி கலந்திருக்கான்"னு என்னையறியாம சொன்னேன். அவர் சிரிச்சார். அண்ணா போனதுக்கப்புறம் எனக்கு மூக்கில ஒரு வாசனை ஏறினது அன்னிக்குத்தான். மனசு சரியானா கால் நடக்கும்னு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரிசை நேர்மாறா இருந்திருக்கு.

பழைய செட்டர்:
சார், என் கதை இதுக்கு எதிர்ப்பக்கம். மனசு உடம்பைக் கெடுத்த கதை.

காலேஜ் வாலிபால் டீம்ல செட்டர் (அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன்) நான். மாவட்ட ஃபைனல், அஞ்சாவது செட், 13-14. சர்வீஸ் என் கையில. அந்த சர்வீஸை எட்டாவதுல இருந்து போடுறேன், தூக்கத்துல எழுப்பினாலும் போடுவேன். அன்னிக்கு மட்டும் "முழங்கையை மடக்காதே, மணிக்கட்டைப் பார்த்துக்கோ"ன்னு எனக்கே நான் பாடம் எடுத்தேன். பந்து நெட்டோட அடியில போய் மோதிச்சு. மேட்ச் போச்சு.

அதோட விட்டிருந்தா பரவாயில்லை. அடுத்த ஆறு மாசம் சர்வீஸே வரலை. ப்ராக்டீஸ்ல வரும், யாராவது பார்த்தா வராது. "பயந்தாங்கொள்ளி"ன்னு சீனியர்ங்க பேர் வச்சாங்க.

பழகின வேலையைக் கை தானா செய்யும். நடுவுல புகுந்து ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்க ஆரம்பிச்சா அது உடைஞ்சுடும்னு விளையாட்டு உளவியல்ல சொல்றாங்க. எங்கம்மா கோலம் போடுறப்போ "அடுத்த கோடு எங்கே இழுப்பே?"ன்னு கேட்டா கை அப்படியே நின்னுடும். அதேதான்.

எங்க பி.டி. சார் இந்தப் படிப்பெல்லாம் படிச்சவர் இல்லை. "சர்வீஸுக்கு முன்னாடி மூணு தட்டு தட்டுடா. பந்துல காத்தடிக்கிற ஓட்டை எங்கே இருக்குன்னு தேடு. மூச்சை நீளமா விடு. அடி. கையை நினைக்காதே, ஓட்டையை நினை"ன்னார். கிறுக்குத்தனமா இருந்தது. ஆனா கண்ணுக்கும் புத்திக்கும் அந்த ஓட்டை ஒரு வேலை கொடுத்துடுச்சு, கை தன் வேலையைப் பார்த்துக்கிச்சு. ரெண்டு மாசத்துல சர்வீஸ் திரும்பிச்சு. இப்போ ஆபீஸ்ல பெரிய மீட்டிங் பேசப் போறதுக்கு முன்னாடி பேனா மூடியை மூணு தட்டு தட்டுறேன். யாருக்கும் காரணம் தெரியாது.

2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் டீம் ஃபைனல்ல இருந்து விலகினப்போ "மன உறுதி இல்லை"ன்னு நம்ம ஊர்லயே எத்தனை பேர் எழுதினாங்க! அவங்களுக்கு அப்போ வந்த பிரச்சினை, அந்தரத்துல சுழலுறப்போ தரை எந்தப் பக்கம்னு தெரியாமப் போறது. அது ஜிம்னாஸ்ட்களுக்குக் கழுத்தை முறிக்கிற சமாச்சாரம். எனக்குத் தோத்தது ஒரு மேட்ச். அந்தப் பொண்ணு 2024 பாரிஸ்ல மூணு தங்கத்தோட திரும்பி வந்தது வேற கதை. வராம இருந்திருந்தாலும் விலகினது சரிதான்னு சொல்லுவேன்.

மாடிப்படி:
செட்டர் தம்பி, அந்த ஓட்டை விஷயத்தை என் பையன்கிட்ட சொல்லிட்டேன் 🙂

நான் கோயம்புத்தூருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால காய்கறி வாங்கிட்டு நிக்கறப்ப திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. கை மரத்துப்போச்சு, செத்தே போயிடுவேன்னு நெனச்சேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் பாத்தாங்க, நல்லா இருக்குன்னாங்க. ஆனா அது வாரம் ஒருக்கா வர ஆரம்பிச்சுது. மாமியார் திருஷ்டி சுத்திப் போட்டாங்க. வீட்டுக்காரர் "நீ ஒண்ணும் செய்யாத, ரெஸ்ட் எடு"ன்னார். ரெஸ்ட் எடுக்க எடுக்க மோசமாச்சு. படி ஏறுனா நெஞ்சு அடிக்குமேன்னு படி ஏறுறதையே விட்டேன். வேகமா நடக்கறது, சூடா குளிக்கறதுன்னு நெஞ்சைத் தட்டி எழுப்பற எல்லாத்தையும் விட்டேன்.

கடைசியில பாத்த மனநல டாக்டரம்மா மாத்திரை எழுதிட்டு, "உங்க ஃப்ளாட்ல எத்தனை மாடி?"ன்னு கேட்டாங்க. நாலுன்னேன். "தினமும் வேணும்னே வேகமா ஏறுங்க. நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும். உக்காந்து, அது தானா அடங்கறதைப் பாருங்க"ன்னாங்க. இதுக்கா ஃபீஸ் குடுத்தேன்னு தோணுச்சு.

முதல் நாள் ரெண்டாவது மாடியிலயே அழுதுட்டேன். அதே படபடப்பு, அதே வேர்வை. பக்கத்து வீட்டுப் பாட்டி தண்ணி கொண்டு வந்தாங்க. பத்து நாளு போச்சுங்க. மேல ஏறி உக்காந்து கைக்கடிகாரத்தைப் பாத்தா, நாலு நிமிஷத்துல அடங்கிடுது. நெஞ்சு வேகமா அடிக்கறதும் சாகறதும் ஒண்ணு இல்லைங்கறது புத்திக்கு முன்னமே தெரியும், உடம்புக்குத்தான் தெரியாம இருந்துருக்கு. இப்ப ரேஸ்கோர்ஸ் நடைபாதையில நடக்கறேன். மாத்திரையை டாக்டரம்மாவே கொறச்சாங்க, நானா நிறுத்தல. அதை அழுத்திச் சொல்றேன்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. காலையில இருந்து குனிஞ்சு நிமிந்து செய்யற வேலையில ஒரு நாளும் எனக்கு மனசு லேசாகல. ரேஸ்கோர்ஸ்ல அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க பாருங்க, அதுவே பாதி மருந்து.

மருந்துக்கடை:
மாடிப்படி அக்கா சொன்னதை நானும் அழுத்திச் சொல்றேன். அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழகத்துல 156 பேரை வச்சு ஒரு ஆய்வு நடந்தது, 1999-ல வெளியாச்சு. எல்லாரும் 50 வயசு தாண்டின, மனச்சோர்வு நோய் இருக்கிறவங்க. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு செர்ட்ரலின்ங்கிற மனச்சோர்வு மாத்திரை, ஒரு குழுவுக்கு ரெண்டும். 16 வாரம் கழிச்சு மூணு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தாங்க. ஆனா மாத்திரைக் குழு சீக்கிரம் தேற ஆரம்பிச்சது. இதுல முதல் பாதியை மட்டும் ஃபார்வர்டு பண்ணிட்டு "மாத்திரையே வேண்டாம்"னு கவுண்டர்ல வந்து சொல்றவங்களை நான் தினமும் பார்க்கிறேன். பயிற்சிக் குழுவுல இருந்தவங்க வாரம் மூணு தடவை மேற்பார்வையோட செஞ்சாங்க. தனியா அறையில படுத்திருக்கிறவருக்கு அந்த மேற்பார்வையை யார் கொடுக்கிறது? சித்திரை வீதி சாருக்கு ஒரு ரயில்வேக்காரர் கிடைச்சார்.

இன்னொண்ணு. ஓடினா எண்டார்பின்ங்கிற ரசாயனம் சுரக்கும், அதான் சந்தோஷம்னு எல்லாரும் சொல்றாங்க. ரத்தத்துல கூடுற எண்டார்பின் மூளைக்குள்ள சுலபமா நுழையாது. இப்போ ஆராய்ச்சிக்காரங்க அதிகம் பேசுறது ஆனந்தமைடு பத்தி. உடம்பே தயாரிக்கிற பொருள். 1992-ல ஜெருசலேம்ல கண்டுபிடிச்சவங்க நம்ம "ஆனந்தம்"ங்கிற சொல்லை வச்சே பேர் வச்சுட்டாங்க. மிதமான ஓட்டத்துக்குப் பிறகு ரத்தத்துல அது கூடுறதை அளந்திருக்காங்க.

21 கி.மீ:
ஆனந்தம்தான், ஆனா அதுக்கும் அடிமையாகலாம். விவாகரத்து ஆன வருஷம் ஓட ஆரம்பிச்சேன். பெசன்ட் நகர், காலை நாலரை. ஒரு வருஷத்துல ஹாஃப் மாரத்தான். எல்லாரும் கை தட்டினாங்க. ஓடாத நாள்ல நான் எப்படி இருந்தேன்னு யாரும் பார்க்கலை. சாப்பிட்டா குற்ற உணர்ச்சி, மழை பெய்தா வானத்து மேல கோபம். கணைக்கால் எலும்பு வலியோட ரெண்டு மாசம் ஓடினேன். ஸ்கேன்ல விரிசல். ஆறு வாரம் ஓடக்கூடாதுன்னாங்க. அந்த ஆறு வாரத்துல, ஒரு வருஷமா எதுக்கு முன்னாடி ஓடிக்கிட்டிருந்தேனோ அது வந்து கட்டில்ல உட்கார்ந்துக்கிச்சு. 14416-க்கு (டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசோட இலவச எண்) ராத்திரி போன் பண்ணேன். தமிழ்லயே பேசினாங்க. இப்போ வாரம் மூணு நாள் ஷட்டில். தோத்தாலும் டீக்கடை வரைக்கும் பேசிக்கிட்டே போறோம்.

பழைய செட்டர்:
இதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு தெரியலை நண்பா. துப்பாக்கி சுடுற அபினவ் பிந்த்ராவே 2008 ஒலிம்பிக்ல தங்கம் வாங்கினதுக்கு அப்புறம்தான் பெரிய வெறுமையில விழுந்ததா சொல்லியிருக்கார்.

பனிக்காலம்:
நான் லண்டனிலை இருக்கிறன், சொந்த இடம் சாவகச்சேரி. இஞ்சை நவம்பர் வந்தா நாலு மணிக்கே இருட்டு, மனிசருக்கும் உள்ளுக்குள்ளை இருட்டுத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை ஒன்பது மணிக்குப் பூங்காவிலை 'பார்க்ரன்' எண்டு ஐஞ்சு கிலோமீற்றர் ஓட்டம் நடக்கும், காசு இல்லை. 2004-இலை புஷி பார்க்கிலை 13 பேரோடை துவங்கினது. எனக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டா, ஆகக் கடைசியா வாறதுக்கெண்டே ஒரு தொண்டர் இருப்பார். அதாலை நீங்கள் எவ்வளவு மெதுவா நடந்தாலும் கடைசி ஆள் நீங்கள் இல்லை. முதல் நாள் அவரோடைதான் நடந்தனான். இப்ப மாசத்திலை ஒருக்கா அந்த வேலையை நான் செய்யிறன்.

செஸ் அம்மா:
வாசிச்சுட்டு மட்டும் போகலாம்னு வந்தேன். என் பையனுக்கு பதினொரு வயசு, செஸ் டோர்னமென்ட் காலையில வாந்தி எடுப்பான். குகேஷுக்கு மனப் பயிற்சி கொடுக்க பேடி அப்டன் இருந்தார், எங்களுக்கு அந்த வசதி எங்கே? ரவுண்டுக்கு முன்னாடி அவனோட அப்பா மண்டபத்துக்கு வெளியில கூட்டிட்டுப் போய் பத்து நிமிஷம் ஓடிப் பிடிச்சு விளையாடுறார். மத்த பெற்றோர் ஒரு மாதிரி பார்ப்பாங்க. போன தடவை நாலுல மூணு தோத்தான். வாந்தி எடுக்கலை.

சித்திரை வீதி:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். "மேற்பார்வை"ங்கிற இடத்துல மட்டும் சிரிச்சார். அப்புறம் சொன்னார், அவரோட மனைவி தவறின வருஷம் அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். தனியா நடக்கப் பயமா இருந்ததாம், அதனாலதான் என் வாசல்ல வந்து நின்னாராம். இத்தனை நாள் எனக்கு இது தெரியாது.