வேலூரில் ஷூட் பண்ண பர்மிஷன் யாரிடம் வாங்க வேண்டும்? ரொம்ப அவசரம்

சத்துவாச்சாரி பையன் | வியாழன், இரவு 10.12
எல்லோருக்கும் வணக்கம். இன்று சாயங்காலம் லொகேஷன் பார்க்கப் போனோம். ஸ்டாண்டை விரித்ததுதான் தாமதம், ஒருவர் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். லெட்டர் இருக்கிறதா என்றார். என்ன லெட்டர், யார் தருவார்கள் என்று கேட்டால், ஆபீஸில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் எங்களுக்கு வேறு நாள் இல்லை. தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

காட்பாடி பாசஞ்சர் | இரவு 10.20
எந்த இடம் என்று சொல்லவே இல்லையே? ரயில்வே ஸ்டேஷன் என்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்க் கெஞ்சாதீர்கள், அது அவர் கையில் இல்லை. சினிமா, விளம்பரம் மாதிரி ஷூட்டிங் எல்லாம் தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்பு அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். இன்னொன்று, காட்பாடி ஜங்ஷன் சென்னைக் கோட்டம், வேலூர் கன்டோன்மென்ட் திருச்சிக் கோட்டம். ஒரே ஊர், இரண்டு கோட்டம். இதைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்புவதில்லை.

மூணாங்கண் | இரவு 10.31
தம்பி, நான்கு விஷயம் சொல்லுங்கள். எங்கே? என்ன கேமரா? எத்தனை பேர்? எதற்காக? இது தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

மனு மாமணி | இரவு 10.44
எந்த இடமாக இருந்தாலும் சரி, கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கையில் இருந்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. எங்கள் தெருவிளக்கு அப்படித்தான் எரிந்தது.

மூணாங்கண் | இரவு 10.46
ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்குக்குத் திங்கட்கிழமை மனுவா, மாமா?

வழக்குரை | இரவு 11.05
பொது இடத்தில் படம் எடுக்க எவனிடமும் கேட்க வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 எடுத்துப் படியுங்கள். கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் சிலைகளையும் படம் எடுப்பது மீறல் ஆகாது என்று தெளிவாக இருக்கிறது. அதை அச்சடித்துக் கையில் கொண்டு போங்கள்.

சத்துவாச்சாரி பையன் | வெள்ளி, காலை 7.02
கோட்டைதான் சார், வேறெங்கே. சாதாரண கேமராதான். சின்ன வீடியோ.

அகழி | காலை 7.40
இதே கேள்வி இங்கே ஏற்கெனவே பலமுறை வந்துவிட்டது. தேடல் பெட்டி என்று ஒன்றை அழகுக்காக வைக்கவில்லை.

வழக்குரை அவர்களே, நீங்கள் சொல்லும் பிரிவு, கட்டடத்தைப் படம் எடுத்ததற்காகக் கட்டியவர் வழக்குப் போட முடியாது என்கிறது, அவ்வளவுதான். கோட்டையைக் கட்டிய சின்ன பொம்மு நாயக்கர் நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை, கவலை வேண்டாம். இங்கே பேச்சு இடத்தைப் பற்றியது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டம், 1959ஆம் ஆண்டு விதிகள். அந்த விதிகளில் ‘படப்பிடிப்பு’ என்று தனியாகவே இருக்கிறது. நடிகர்கள், விளக்கு, ஸ்டாண்ட் என்று இறங்கினால் உரிமம் வேண்டும். கூரை உள்ள உட்பகுதிக்கு அந்த உரிமமும் கிடைக்காது, நினைவுச்சின்னத்தை மக்களுக்கு எடுத்துச்சொல்லும் படமாக இருந்தால்தான் விலக்கு. கட்டணம் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதோடு திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 10,000. விதிப்படி மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை போட்டு ஞாயிற்றுக்கிழமை வாங்கும் சமாச்சாரம் இல்லை.

பி.கு.: நம் பகுதிக்கான சென்னை வட்ட அலுவலகம் இருப்பது ஜார்ஜ் கோட்டையில். ஒரு கோட்டையில் படம் எடுக்க இன்னொரு கோட்டைக்குப் போக வேண்டும்.

திருவலம் டீச்சர் | காலை 8.15
அகழி சார் சொல்வது சரிதான், ஆனால் பையன் பயந்துவிடப் போகிறான். தம்பி, சும்மா கையில் பிடித்து எடுக்கும் போட்டோவுக்கு இது எதுவும் கிடையாது. 2018ல்தான் அறிவித்தார்களே, சில இடங்கள் தவிர நாடு முழுக்கத் தொல்லியல் துறை இடங்களில் போட்டோ எடுக்கலாம் என்று. நானே பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மதில், அகழி, திப்பு மகால் எல்லாம் போனில் எடுத்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. உங்களை நிறுத்தியது ஸ்டாண்டுக்காகத்தான் இருக்கும். அது சரி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளும் எடுக்கிற எண்ணம் இருக்கிறதா? அங்கே நடப்பது வழிபாடு, அது வேறு கதை. கோயில்களில் செல்போனுக்கே தடை போடச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது நினைவிருக்கும்.

மூணாங்கண் | காலை 8.30
என் நான்கு கேள்வியில் ஒன்றரைக்குத்தான் பதில் வந்திருக்கிறது. எதற்காக, எத்தனை பேர்?

சத்துவாச்சாரி பையன் | காலை 9.10
அக்காவுக்கு ப்ரீ வெட்டிங் ஷூட் சார். மாமா பெங்களூரிலிருந்து ஒரு நாள்தான் வருகிறார். மொத்தம் ஏழு பேர். இரண்டு டிரஸ், ஒரு புல்லட், கலர் புகை, கண்ணாடிக் குடை. அப்புறம் சின்ன ட்ரோன் ஒன்று.

மூணாங்கண் | காலை 9.12
இதுதான் ‘சின்ன வீடியோ’வா!

தம்பி, பத்து வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறவன் சொல்கிறேன். புகையை அந்தப் பக்கம் கொண்டே போகாதீர்கள். அந்தச் சாயம் பட்டுச்சேலையில் விழுந்தாலே போகாது, நானூறு வருடத்துக்கு மேலான கருங்கல்லில் விழுந்தால் யார் துடைப்பது? ஏழு பேர், டிரஸ் பை, ரிஃப்ளெக்டர் என்று போனால் எந்தக் காவலாளிக்கும் அது ஷூட்டிங்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

மக்கன் பேடா | காலை 9.50
அண்ணே, கோட்டைக்கு வெளியே நின்று எடுத்தால்? அகழிக்கு இந்தப் பக்கம், பூங்கா ஓரம்?

மனு மாமணி | காலை 10.05
முடியாது. கோட்டையைச் சுற்றி 100 மீட்டருக்கு எல்லாமே தடைசெய்யப்பட்ட பகுதி. போர்டே வைத்திருக்கிறார்கள்.

அகழி | காலை 10.21
அது கட்டுமானத்துக்கு. 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். 2010ல் வந்த திருத்தம். அந்த போர்டை முழுதாகப் படித்தவர் ஊரில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் இருந்தால் பழைய பஸ் ஸ்டாண்டில் செல்ஃபி எடுப்பவனையெல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும்.

வெளியே ரோட்டோரம் நின்று எடுப்பதற்குத் தொல்லியல் துறையிடம் போக வேண்டாம். பூங்கா மாநகராட்சி பொறுப்பு, அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வண்டியை ரோட்டில் நிறுத்தி டிராஃபிக்கை மறிப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் கடிதம். இங்கே கமிஷனர் கிடையாது, மாவட்ட எஸ்.பி.தான்.

காட்பாடி பாசஞ்சர் | காலை 10.40
ட்ரோன் எடை என்ன என்று யாரும் கேட்கவில்லையே. 250 கிராமுக்குள் என்றால் 2021 ட்ரோன் விதிகளில் அது ‘நானோ’, ஓட்டுவதற்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதற்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’, காசு வாங்காமல் பறக்கவிட்டால் அதற்கும் வேண்டாம், கல்யாண ஸ்டூடியோக்காரர் தொழிலாகச் செய்தால் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்க்க வேண்டும், பச்சை என்றாலும் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. அப்துல்லாபுரம் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

அகழி | காலை 10.48
வரைபடம் பச்சை என்பதற்காகக் கோட்டைக்கு மேல் விட்டுவிட முடியாது. உள்ளே போலீஸ் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மக்கன் பேடா | காலை 11.30
எங்கள் ஆற்காட்டுக்கு வாருங்கள். டெல்லி கேட் இருக்கிறது, பாலாறு இருக்கிறது, கூட்டமே இல்லை. 1751ல் ராபர்ட் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைச் சமாளித்த ஊர். வேலூரில் எங்கே போனாலும் ஒரு லெட்டர்.

மனு மாமணி | காலை 11.42
ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம் ஆகிவிட்டதே. இங்கே வேலூருக்கு மட்டும்தான் ஆலோசனை.

மக்கன் பேடா | காலை 11.50
2019ல் மூன்றாகப் பிரித்தால் நாங்கள் வேற்று நாட்டுக்காரர்களா? மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே எங்கள் ஊர். வட ஆற்காடு என்றுதான் சொன்னார்கள், வட வேலூர் என்றா சொன்னார்கள்?

காட்பாடி பாசஞ்சர் | பகல் 12.03
பெயர் உங்களுடையது, ஆபீஸ் எங்களுடையது.

திருவலம் டீச்சர் | பகல் 12.20
ஆபீஸும் முதலில் நம்முடையது இல்லை. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். சித்தூரைத் தனி மாவட்டம் ஆக்கிய பிறகுதான் வேலூருக்கு வந்தது. அப்புறம் 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது. பிரிவது நமக்குப் பழகிய விஷயம்தான்.

மக்கன் பேடா | பகல் 12.31
டீச்சர் சொன்னால் சரி. ஆனால் பிரியாணி எங்களுடையது.

காட்பாடி பாசஞ்சர் | பகல் 12.33
ஆம்பூர்க்காரர்கள் வருவதற்குள் இதை அழித்துவிடுங்கள்.

வழக்குரை | பகல் 12.50
நான் சொன்ன 52ஆம் பிரிவுக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

நெறியாளர் | பகல் 1.15
பிரியாணி பற்றிய ஒன்பது பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கேட்டவருக்கு உதவுங்கள்.

மூணாங்கண் | பகல் 1.40
தம்பிக்கு என் யோசனை. காலை ஆறரைக்கு அகழிக்கு வெளியே, கிழக்குப் பக்கம் நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன், எதிரே மதில் முழுக்க வெளிச்சம், தண்ணீர் அசையாமல் இருந்தால் பிரதிபலிப்பும் கிடைக்கும். ஒரு கேமரா, ஒரு லென்ஸ், அக்கா, மாமா, நீங்கள். மீதி நான்கு பேரை டீக்கடையில் உட்கார வையுங்கள். எட்டு மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் வந்துவிடும். அப்புறம் பாலமதி மலைப் பக்கம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். காப்புக்காட்டுக்குள் இறங்கினால் வனத்துறையிடம் கேட்க வேண்டும், ரோட்டோரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மனு மாமணி | பகல் 2.05
பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அமைதியான இடம். யாரும் வரமாட்டார்கள்.

திருவலம் டீச்சர் | பகல் 2.11
அது கண்டி அரசர் விக்கிரம ராஜசிங்கர் சமாதி. இங்கே சிறையிருந்து 1832ல் இறந்துபோனவர். கல்யாணப் பெண்ணை அங்கேயா கூட்டிப்போகச் சொல்கிறீர்கள்?

மனு மாமணி | பகல் 2.14
அமைதியான இடம் என்றுதான் சொன்னேன்.

திருவலம் டீச்சர் | சனி, இரவு 8.30
தம்பி, என்ன முடிவு செய்தீர்கள்?

அகழி | ஞாயிறு, பகல் 11.00
வழக்கம்போல் கேட்டவர் காணவில்லை.

சத்துவாச்சாரி பையன் | புதன், இரவு 11.48
ஸாரி, கல்யாண வேலை. மூணாங்கண் அண்ணன் சொன்ன மாதிரியே காலையில் வெளியே நின்று எடுத்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கிங் வந்த ஒரு பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு புல்லட் ஓட்டத் தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

மூணாங்கண் | வியாழன், காலை 6.55
சந்தோஷம். ட்ரோன்?

காட்பாடி பாசஞ்சர் | காலை 9.20
ட்ரோன் என்ன ஆச்சு தம்பி?

மக்கன் பேடா | ஞாயிறு, மாலை 5.15
அந்தக் கண்ணாடிக் குடை எங்கே வாங்கினீர்கள்? எங்கள் தங்கைக்கு வேண்டும். ஷூட்டிங் ஆற்காட்டில்தான்.